ஓர் எழுத்து குறைந்தவர்

அவளுக்குத் தன் பெயரைச் சொல்ல வராது. எழுதச் சொன்னால் சுழித்து அழகாக எழுதுவாள். வாயைத் திறந்து சொல்லப்போனால் முதல் எழுத்திலேயே உதடுகள் ஒட்டிக்கொள்ளும். எதிரில் இருப்பவர் முதலில் புன்னகையோடு காத்திருப்பார். பிறகு குழம்புவார். பிறகு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

மற்றச் சொற்களுக்கெல்லாம் அவள் சுற்றுவழி வைத்திருந்தாள். எந்தச் சொல் சிக்கப்போகிறது என்பது இரண்டு சொல் முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். உடனே ஒடித்துப் பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிடுவாள். ‘பேருந்து’ வராது என்று தோன்றினால் ‘வண்டி’. ‘பூட்டு’ வராதென்றால் ‘சாவி போடுறது’. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை ‘காய்ச்சல்’ என்ற சொல் மக்கர் செய்ததால், “நேத்து உடம்பு அனலா இருந்துச்சு டீச்சர்” என்று சொல்லப்போய், வகுப்பே அவளை ஒரு வாரம் புலவர் என்று கூப்பிட்டது. இப்படியே வளர்ந்ததில், ஒரு பொருளுக்கு நாலு பெயர், ஒரு சேதியைச் சொல்ல ஐந்து வழி என்று அவள் மண்டைக்குள் ஒரு கிடங்கே சேர்ந்துவிட்டது. பெயருக்குத்தான் மாற்றுச் சொல் கிடையாது.

அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடியை அளவுக்குத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவார். ஒரே மகள் என்று இரண்டு பேரும் அவளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார்கள். அம்மாவின் பாசம் மட்டும் கொஞ்சம் அவசரப் பாசம். மகள் ஒரு சொல்லில் தயங்கினால் போதும், மீதியை அம்மாவே சொல்லி முடித்துவிடுவார். கடையிலும் அப்படித்தான், டாக்டர் முன்னாலும் அப்படித்தான். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார். தப்பாகச் சொன்னாலும், திருத்தப் போனால் இன்னொரு திக்கல் ஆகிவிடுமே என்று மகள் தலையாட்டிவிடுவாள். அப்படித் தலையாட்டித் தலையாட்டியே, பிடிக்காத நிறத்தில் அவளிடம் மூன்று சட்டைகள் சேர்ந்திருந்தன.

இருபத்து நாலு வயதில், வேலைக்கு ஆள் தேடிக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. கணினிக்கு நிரல் எழுதுகிறவர்களைக் கண்டுபிடித்து, ஆள் வேண்டும் என்று கேட்கும் நிறுவனங்களில் சேர்த்துவிடுவதுதான் அங்கே தொழில். மூன்றாவது மாடியில் பன்னிரண்டு மேசைகள், ஒரு தண்ணீர் இயந்திரம், தனியாகப் பேசுவதற்கென்று இரண்டு நாற்காலி மட்டும் கொள்ளும் ஒரு கண்ணாடி அறை. எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்ததால் நேரில் அதிகம் கேட்காமலேயே எடுத்துக்கொண்டார்கள். முதல் நாளே கையில் ஒரு ஹெட்செட்டையும் ஒரு பட்டியலையும் கொடுத்து, “கூப்பிட்டுப் பேசு” என்றார்கள்.

தொலைபேசியில் முதலில் பெயரைத்தானே சொல்ல வேண்டும். முதல் ஆள் நாலு தடவை ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். இரண்டாவது ஆள், சிக்னல் இல்லை, அப்புறம் கூப்பிடுங்கள் என்றார். மூன்றாவது ஆள் யாரோ மூச்சு விட்டுக்கொண்டு வம்பு செய்கிறார்கள் என்று நினைத்துத் திட்டினார். புதன்கிழமைக்குள் இப்படிப் பதினோரு பேர். வியாழக்கிழமை காலையில் அவள் ராஜினாமாக் கடிதத்தை எழுதி மேலாளரின் மேசையில் வைத்தாள். மூன்று நாளும் யாரையும் கூப்பிடத் தைரியம் இல்லாத நேரத்தில் இணையத்தில் தானாகத் தேடிச் சேர்த்த ஒரு பட்டியலையும் கூடவே வைத்தாள். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஓர் எண்ணம்.

மேலாளர் ஐம்பதைத் தொட்ட பெண்மணி. எதையும் பாதி படித்துவிட்டுத் தள்ளிவைக்கிறவர். கடிதத்தைப் பாதி படித்தார். பட்டியலை முழுவதும் படித்தார்.

“இவங்களையெல்லாம் எங்க புடிச்ச? நம்ம ஆளுங்க ஒருத்தர் கண்ணுலயும் படலையே.”

அவள் பதிலைத் தாளில் எழுதிக் காட்டினாள். நிறுவனங்கள் விளம்பரத்தில் போடும் சொற்களை எல்லோரும் தேடுகிறார்கள். அதனால் எல்லோருக்கும் அதே நூறு பேர் வருகிறார்கள். வேலை செய்கிறவர்கள் தங்களை வேறு சொற்களில் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தச் சொற்களைத் தேடினேன் என்று.

மேலாளர் கடிதத்தை அவள் பக்கமே நகர்த்தினார். “இத நீயே எடுத்துக்கிட்டுப் போ. நாளையிலிருந்து நீ தேடு. பேசறதுக்கு இங்க ஆள் இருக்கு.”

பேசுவதற்கு இருந்த ஆளை அலுவலகத்தில் கிளி என்பார்கள். காலையில் ஹெட்செட்டை மாட்டினால் மாலையில்தான் கழற்றுவார். வயதில் சின்னவர்களுக்குக் கிளியக்கா. தெரியாத ஆளிடம் இரண்டே நிமிடத்தில், அவர் அலுவலகத்தில் யாரோடு சண்டை, வீடு மாற்றும் எண்ணம் இருக்கிறதா என்பதுவரை வாங்கிவிடுவார். அடுத்தடுத்த மேசை என்பதால் இருவருக்கும் சீக்கிரமே ஒட்டிக்கொண்டது. இவள் தேடித் தருவாள், அவர் பேசி முடிப்பார்.

ஒருநாள் இவள் தேடுவதைக் கிளியக்கா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இவள் ஒரே பொருளுக்கு ஆறு சொற்களை அடுக்கி, அடைப்புக்குறிக்குள் போட்டு, வேண்டாத சொற்களுக்கு முன்னால் கழித்தல் குறி வைத்தாள். பயிற்சி வகுப்புக்காரர்கள் கழிந்தார்கள். வேலை விளம்பரங்கள் கழிந்தன. நாலாயிரம் பேர் நானூறாகி, நானூறு முப்பத்தாறாகி நின்றது. பிறகு அந்த முப்பத்தாறு பேரும் கேள்வி-பதில் தளங்களில் யாருக்கு என்ன பதில் எழுதியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். புதிதாகக் கற்க வந்தவரை மட்டம் தட்டி எழுதியவர்களை ஓரமாக வைத்தாள்.

“இதுக்குப் பேரு தேடறதாடி? நீ சலிக்கிற,” என்றார் கிளியக்கா. அன்றிலிருந்து அலுவலகத்தில் அவள் பெயர் சல்லடை. தன் பெயரைவிட அது சொல்ல எளிதாக இருந்ததில் அவளுக்கு ஒரு திருப்தி.

மூன்று வருடம் இப்படி ஓடியது. அப்புறம்தான் ஆள் கேட்டு அந்த மருந்துக் கருவி நிறுவனம் வந்தது. மருத்துவமனைப் படுக்கை ஓரத்தில் நின்று, நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து ஏற்றும் கருவியை அவர்கள் செய்தார்கள். அந்தக் கருவிக்குள் இருக்கும் சில்லு நகக்கண் அளவு. அதற்கு நிரல் எழுதுகிறவர் ஒவ்வோர் எழுத்தையும் சிக்கனமாக எழுத வேண்டும். அப்படிப்பட்டவர்கள் குறைவு, இருக்கிற கொஞ்சப் பேரையும் ஊரில் உள்ள அத்தனை ஆள் தேடும் நிறுவனங்களும் மொய்த்துக்கொண்டிருந்தன. ஏழு வாரம் போயிற்று. சல்லடை தேடாத தேடல் இல்லை. யாருக்கு எழுதினாலும், ‘இந்த மாதத்தில் நீங்கள் ஒன்பதாவது ஆள்’ என்று பதில் வந்தது.

எட்டாவது வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், அவளுக்கு ஒன்று தோன்றியது. எல்லோரும் சரியாக எழுதியவர்களைத்தான் தேடுகிறார்கள். தப்பாக எழுதியவர்களை யார் தேடுவார்கள்?

டெவலப்பர் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதினால் மூன்று ‘ஈ’ வரும். அவள் நடுவில் இருந்த ஈயை எடுத்துவிட்டுத் தேடினாள். தேடுபொறி, இதையா கேட்கிறீர்கள் என்று திருத்திக் கொடுத்தது. தப்பானதைத்தான் கேட்கிறேன் என்று மேற்கோள் குறிக்குள் வைத்து அடைத்தாள். ஐம்பத்திரண்டு பேர் வந்தார்கள். சலித்ததில் ஒருவர் நின்றார்.

புகைப்படம் இல்லை. வேலை தேடுகிறவர்களுக்கான தளத்தில் அவர் தன் பக்கத்தைத் தொடங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது. எடை இயந்திரங்களுக்குள் ஓடும் நிரல் எழுதுகிறவர் என்று இரண்டு வரி. எடைக்கல் என்று ஒரு புனைபெயர். அதே புனைபெயரை வைத்துக் கேள்வி-பதில் தளத்தில் தேடினால், இருநூற்றுச் சொச்சம் பதில்கள் இருந்தன. சல்லடை மதிய உணவை மேசையிலேயே வைத்துக்கொண்டு படித்தாள். ஒரு பதில் அவளை நிறுத்தியது. பேட்டரி தீரத் தீர எடை தப்பாகக் காட்டுகிறது என்று யாரோ ஒரு புதியவர் கேட்டிருந்தார். எடைக்கல் பொறுமையாகப் படிப்படியாக எழுதியிருந்தார். நாலு மாதம் கழித்து அவரே திரும்ப வந்து, ‘சரியாகிவிட்டதா? இல்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது’ என்று கேட்டிருந்தார். கேள்வி கேட்டவர் அதற்குப் பதிலே போடவில்லை.

நிறுவனத்தில் கடிதத்துக்கென்று ஒரு மாதிரி இருந்தது. சல்லடை அதை எடுக்கவில்லை. அந்தப் பேட்டரிப் பதிலைப் படித்ததைப் பற்றியும், அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியும், இந்த மருந்துக் கருவியைப் பற்றியும் தன் சொற்களிலேயே நாலு பத்தி எழுதி அனுப்பினாள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது.

‘இந்தப் பக்கத்தைத் திறந்து ஆறு வருடத்தில் எனக்கு வந்த முதல் கடிதம் இது. வேறு யாருக்கோ போக வேண்டியது தவறி வந்துவிட்டதோ என்று இரண்டு நாள் யோசித்தேன். பேட்டரியைப் பற்றி எழுதியிருப்பதால் எனக்குத்தான் என்று நம்புகிறேன். ஒருமுறை போனில் பேச முடியுமா? கடிதம் எழுதியவரே பேசினால் நல்லது. இப்போதெல்லாம் கடிதங்களைக் கணினியே எழுதிவிடுகிறது என்கிறார்கள். அதனால் கேட்கிறேன். தப்பாக நினைக்க வேண்டாம்.’

சல்லடை கிளியக்காவைத் திரும்பிப் பார்த்தாள். கிளியக்காவின் கழுத்தில் ஒரு கம்பளித் துண்டு சுற்றியிருந்தது. முந்தின நாள்தான் டாக்டர், தொண்டைச் சதை வீங்கிவிட்டது, பத்து நாள் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அலுவலகம் அவ்வளவு அமைதியாக ஒருநாளும் இருந்ததில்லை. தண்ணீர் இயந்திரம் முனகுவதுகூடக் கேட்டது. கிளியக்கா ஒரு நோட்டில் எழுதிக் காட்டினார்: ‘நீயே பேசு. உன்னத்தானே கேக்குறாரு.’

மேலாளர் தான் பேசுவதாகச் சொன்னார். சல்லடை ஒரு கணம் நிம்மதியடைந்தாள். பிறகு தலையை இடமும் வலமும் ஆட்டினாள். ஆறு வருடம் கழித்து ஒருவர் ஒன்று கேட்டிருக்கிறார். எழுதியவரே பேச வேண்டும் என்பது பெரிய ஆசை இல்லை.

“சரி, பேசு,” என்றார் மேலாளர். “ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்க. அந்த எழுத்து விட்டுப்போன சமாசாரத்த வேலையில சேர்ற வரைக்கும் அவர்கிட்ட சொல்லாத. சொன்னா இன்னைக்கே திருத்திடுவாரு. நாளைக்கு இருபது பேர் அவர் வாசல்ல நிப்பாங்க.”

கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

“வணக்கம், சொல்லுங்க.”

அவள் தன் பெயரைச் சொல்லத் தொடங்கினாள். உதடு ஒட்டியது. ஒரு நொடி, இரண்டு நொடி, பத்து நொடி. அந்தப் பக்கம் ஹலோ என்று கேட்கப்போகிறது என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. தூரத்தில் ஏதோ ஒரு குழாயில் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

“லைன்லதான் இருக்கேன்மா,” என்றார் அவர். “அவசரமே இல்ல. எடை மெஷின்ல நம்பர் ஆடி அடங்கற வரைக்கும் பார்த்துக்கிட்டே நிக்கிறதுதான் என் வேலை.”

அதைக் கேட்டதும் ஏனோ பெயர் வந்துவிட்டது. மூன்று துண்டாக வந்தது, ஆனாலும் வந்தது.

“நல்லதும்மா. மெஷின் எழுதலன்னு தெரிஞ்சுபோச்சு. அது போதும் எனக்கு.”

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். பிறகு இருவரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். அவருக்கு நாற்பத்து நாலு வயது. எடை இயந்திரங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினைந்து வருடம் இருந்தவர். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அன்று மாலையே கணினியில் உட்கார்ந்து இந்தப் பக்கத்தைத் திறந்தாராம். இப்போது காய்கறிக் கடைகள், இரும்புக் கடைகளின் எடை இயந்திரங்களைப் பழுது பார்க்கிறார். நிரல் எழுதுவது பதில் எழுதும் தளத்தில் மட்டும்தான். அவள் சிக்கிய இடத்தில் எல்லாம் அவர் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தார். வழக்கமாகச் சுற்றிப் போகும் சொற்களை அவள் அன்று நேராகவே சொல்லிப் பார்த்தாள். சில வந்தன. சில வர நேரம் ஆனது.

கடைசியில் அவர் கேட்டார். “ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லுவீங்களா? எங்கிட்ட என்ன கொறை? கூட வேலை செஞ்சவங்களுக்கெல்லாம் யார்யாரோ எழுதினாங்க. எனக்கு மட்டும் ஏன் ஒருத்தர்கூட எழுதல? பட்டம் இல்லங்கறதாலயா, வயசா? தெரிஞ்சா மனசு ஆறிடும்.”

கண்ணாடிக்கு வெளியே மேலாளர் தன் மேசையில் எதையோ பாதி படித்துக்கொண்டிருந்தார். சல்லடை நாற்காலியைத் திருப்பி அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

“உங்ககிட்ட ஒரு கொறையும் இல்ல சார். டெவலப்பர்னு எழுதின எடத்துல நடுவுல ஓர் எழுத்து விட்டுப்போச்சு. ஒரு ஈ. அதனால யார் தேடினாலும் நீங்க வரல. யாரும் உங்கள வேண்டாம்னு சொல்லல சார். யாரும் உங்களப் பார்க்கவே இல்ல.”

இப்போது அவள் காத்திருந்தாள். கணினியில் விசை தட்டும் ஒலி கேட்டது. பக்கத்தைத் திறந்து பார்க்கிறார் என்று புரிந்தது.

“ஆமா,” என்றார் வெகு நேரம் கழித்து. “அந்த எழுத்து இல்ல.” பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஒரு ஈ இல்லாததால ஆறு வருஷமா ஈ ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.”

சிரிப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர்தான் முதலில் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு என்னவோ ஆகி நின்றது. “ஒரு நிமிஷம் இருங்கம்மா,” என்று சொல்லிவிட்டு யாரையோ கூப்பிட்டார். கை துடைத்துக்கொண்டே ஒரு பெண் வருவது போன்ற ஓசை.

“என் வீட்டம்மா. இப்ப சொன்னத இவகிட்டயும் ஒரு தடவ சொல்றீங்களா? நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனச்சுக்குவா.”

சல்லடை மறுபடியும் சொன்னாள். இரண்டாவது தடவையும் அதே இடங்களில் திக்கியது. அந்த அம்மாவும் காத்திருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப இவரு மேல தப்பு ஒண்ணும் இல்லையா?”

“எழுத்துப் பிழை மட்டும்தாங்க.”

“நானும் ஆறு வருஷமா அதையேதான் சொல்றேன், உங்ககிட்ட ஒரு கொறையும் இல்லன்னு. கேட்டாத்தானே,” என்றார் அந்த அம்மா. அது கணவருக்குச் சொன்னது.

அன்று மாலை வீட்டில் சாப்பாட்டு மேசையில் சல்லடை நடந்ததைச் சொல்ல உட்கார்ந்தாள். “இன்னைக்கு நானே ஒருத்தர்கிட்ட போன்ல பேசினேன். எடுத்ததும் எனக்கு…” என்று நிற்க, அம்மா பழக்கத்தில், “பேச்சு வரல, வச்சிட்டாரா?” என்றார். இல்லை என்று தலையாட்டினாள். “திட்டிட்டாரா?” அதுவும் இல்லை. “மேனேஜர் வாங்கிப் பேசிட்டாங்களா?” அதுவும் இல்லை. அம்மாவின் மூன்று ஊகமும் பொய்த்துப்போயிற்று. வாக்கியத்தின் மறுபாதி எங்கே போகிறது என்று அம்மாவுக்குத் தெரியாமல் போனது அதுவே முதல் தடவை. கையில் கரண்டியோடு மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ சொல்லட்டுமே,” என்றார் அப்பா. “எனக்கு நாளைக்கு மதியம்தான் டூட்டி.”

அவள் சொன்னாள். சாதாரணமாக ஒருவர் சொன்னால் பத்து நிமிடம் ஆகும் கதை. அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த வீட்டம்மா பேசிய இடம் வந்தபோது அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பா எழுந்து போய் மூன்று பேருக்கும் தேநீர் போட்டுக்கொண்டு வந்து, “சொல்லு, அப்புறம்?” என்றார். எல்லாம் முடிந்த பிறகு அம்மா, “நான் நடுவுல நடுவுல புகுந்து பேசறது உனக்குக் கஷ்டமா இருக்குமோ?” என்று கேட்டார். சல்லடை யோசித்தாள். “சட்டை வாங்கறப்ப மட்டும்,” என்றாள்.

மேலாளர் பயந்தது அப்படியே நடந்தது. எடைக்கல் அன்றே பக்கத்தைத் திருத்தினார். அடுத்த பத்து நாளில் ஆறு நிறுவனங்களிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. மேலாளர் சல்லடையைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, “ரெண்டு மாச உழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே” என்றார். எடைக்கல்லே அவளுக்கு எழுதிக் கேட்டார், இத்தனை பேர் கூப்பிடுகிறார்களே, என்ன செய்யட்டும் என்று. எல்லாவற்றையும் போய்ப் பாருங்கள், உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதில் சேருங்கள் என்று பதில் போட்டாள். போட்டுவிட்டு அன்று முழுவதும் அவரிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் இரண்டு இடத்துக்குப் போய்ப் பார்த்தார். மருந்துக் கருவி நிறுவனத்துக்கும் போனார். அங்கே முதலில் தயங்கினார்கள். பட்டம் இல்லை, ஆறு வருடமாகப் பழுது பார்க்கும் வேலை. அங்கிருந்த மூத்த பொறியாளர் மட்டும், அளவு தப்பும் ஒரு பழைய கருவியை அவர் முன்னால் வைத்து, என்னவென்று பாருங்கள் என்றார். எடைக்கல் ஒன்றரை நாள் அதோடு உட்கார்ந்திருந்தார். பேட்டரி இறங்கும்போது நிரலில் ஒரு கணக்கு வழுக்குகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். வேலை கிடைத்தது. முதலில் ஆறு மாதம் என்றார்கள், பிறகு நிரந்தரம் ஆக்கினார்கள். மற்ற இடங்களை ஏன் விட்டார் என்று மேலாளர் கேட்டதற்கு, “அந்தக் கடிதங்கள்ல என் பேர எடுத்துட்டு வேற பேரப் போட்டாலும் பொருந்தும். இது அப்படி இல்ல” என்றாராம். அதற்கப்புறம் மேலாளர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சல்லடைக்கு அதன் பிறகு பேச்சு சரளமாகிவிட்டது என்று சொன்னால் பொய். இன்னமும் திக்குகிறாள். இன்னமும் கிளியக்காதான் பேசுகிறார். தொண்டை ஆறியதும் பத்து நாள் பாக்கியையும் சேர்த்துப் பேசித் தீர்த்தார். எப்போதாவது யாராவது, எழுதியவரே பேசட்டும் என்று கேட்டால் மட்டும் சல்லடை கண்ணாடி அறைக்குள் போவாள். சிலர் காத்திருப்பார்கள். சிலர் வைத்துவிடுவார்கள். வைத்துவிட்டவர்களுக்கு, அழைத்தது நான்தான், எனக்குத் திக்கும் என்று ஒரு வரி எழுதிப் போடுவாள். பாதிப் பேர் திரும்பக் கூப்பிடுவார்கள்.

இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. மதிய இடைவேளையில் பிழையாக எழுதியவர்களைத் தேடுவாள். அந்த ஐம்பத்திரண்டு பேரில் மீதி ஐம்பத்தோரு பேருக்கும் எழுதினாள். ‘உங்களுக்கேற்ற வேலை இப்போது எங்களிடம் இல்லை. ஆனால் உங்கள் பக்கத்தில் இந்த இடத்தில் இந்த எழுத்து விட்டுப்போயிருக்கிறது. திருத்திக்கொண்டால் மற்றவர்கள் கண்ணில் படுவீர்கள்.’ உன் வேலையைப் பார் என்று ஒருவர் பதில் போட்டார். பலர் ஒன்றுமே போடவில்லை. திருத்தம் மட்டும் சத்தமில்லாமல் நடந்திருந்தது. ஒரு பெண் மூன்று பக்கத்துக்கு எழுதினார். “நாம கண்டுபிடிச்ச ஆளுங்கள நீயே ஊருக்கெல்லாம் காட்டிக் குடுக்குற,” என்று கிளியக்கா கடிந்துகொண்டே, அவளுடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முன்னால் வைப்பார்.

எடைக்கல் வேலையில் சேர்ந்து ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு பிற்பகலில் மனைவியோடு அலுவலகத்துக்கு வந்தார். இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது, அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம் என்றார். ஒல்லியான, நெடிய மனிதர். சட்டைப் பையில் ஒரு சின்னத் திருப்புளி. மனைவி அவருடைய தோள் உயரம். நாலு பேரும் கண்ணாடி அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டு நாற்காலியை வெளியிலிருந்து தூக்கிவர வேண்டியிருந்தது. கிளியக்காவும் அந்த அம்மாவும் அறிமுகமான நிமிடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள். வீட்டு வாடகைக்காரர், முழங்கால் வலி, எந்தக் கடையில் திரைச்சீலை நன்றாக இருக்கும் என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. எடைக்கல்லும் சல்லடையும் தேநீரைக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவர் கைபேசியை எடுத்து, புதுக் கருவியின் உள்பக்கப் படத்தைக் காட்டினார். பச்சை மின்சுற்றுப் பலகையில் ஓர் ஓரமாக அந்த நகக்கண் அளவுச் சில்லு.

“இதுக்குள்ளதான் இருக்கு நான் எழுதினது,” என்றார்.

“எ… எவ்வளவு எழுதினீங்க?”

“நாப்பது பக்கம் இருக்கும். மொதல்ல எழுபது. கொறச்சேன்.”

“ஏதாவது மருத்துவமனைல வச்சிருக்காங்களா?”

“வச்சிருக்காங்க. ஒரு தடவ போய்ப் பார்த்தேன். ஒரு பெரியவர் அசந்து தூங்கிட்டிருந்தாரு. பக்கத்துல இது ஓடிக்கிட்டு இருந்துச்சு. கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துட்டேன்.”

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு இருவரும் மறுபடி திரைச்சீலைப் பேச்சைக் கேட்கத் தொடங்கினார்கள்.

விடைபெறும்போது சல்லடையும் கிளியக்காவும் மின்தூக்கிவரை கூடப் போனார்கள். எடைக்கல் கையை உயர்த்தி, வருகிறேன் என்பதுபோலத் தலையசைத்துவிட்டு முதலில் உள்ளே போனார். அந்த அம்மா சல்லடையின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“வெளியாளுங்ககிட்ட நேர்ல இவரு இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லம்மா. இன்னைக்கு வீட்டுக்குப் போனா தொண்ட வலிக்குதுன்னு படுத்துக்குவாரு பாருங்க.”